நள்ளிரவு ராகமாலிகை

இரவு இரண்டே கால் மணிக்கு நடக்கிற கச்சேரிக்கு எந்தப் பத்திரிகையிலும் விமர்சனம் வருவதில்லை. கார் அலாரத்தின் ‘சிக்ஸ் டோன்’ சைரனைச் சொல்கிறேன். டிக்கெட் கிடையாது, கான்டீன் கிடையாது. நம் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேயே மேடை. முதலில் ஆம்புலன்ஸ் போல நிதானமாக ஏறி இறங்கும். அடுத்தது அதே சங்கதி, துரித காலத்தில். மூன்றாவதில் தீயணைப்பு வண்டி மாதிரி இரண்டே ஸ்வரம். நான்காவது, பழைய ரேடியோவில் ஸ்டேஷன் தேடுகிற கீச்சு. ஆறும் முடிந்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. ராகமாலிகையில் ஒரு ராகத்திலிருந்து அடுத்ததுக்கு நழுவுகிற இடம்தான் ரசிகனுக்கு விருந்து. இங்கே நழுவல் இல்லை, வெட்டுதான். கையில் கிடைத்த எச்சரிக்கை ஒலிகளையெல்லாம் ஒரு சிப்பில் அடைத்துவிட்டு யாரோ வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் பதினான்கு கார்கள். ஒன்பதில் வெளியே வாங்கிப் பொருத்திய அலாரம். பூனை ஏறினால் ஒன்று பாடும். இடி இடித்தால் மூன்று. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி ஒன்பதும் சேர்ந்து கோஷ்டி கானம்.

இதில் ஒரு வேடிக்கை. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதி, வெவ்வேறு ஸ்வரங்களை வரிசையாக எழுப்பும் ஹார்னோ, காதைத் துளைக்கிற கடூரமான சத்தக் கருவியோ வண்டியில் இருக்கக் கூடாது என்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. ஆறு டோன் சைரனை இதைவிடத் துல்லியமாக யாரும் வர்ணித்ததில்லை. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு பத்துக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு. சைரன் டப்பாவில் பெருமையாக 120 என்று அச்சடித்திருக்கிறான். அது கிட்டே வைத்து அளப்பது. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஆறு டெசிபல் குறையும். பானெட் மூடியிருப்பதையும் கழித்துக் கொள்ளுங்கள். மூன்றாவது மாடியில் படுத்திருக்கும் எனக்கு வந்து சேர்வது அப்போதும் தாராளமாகவே இருக்கிறது.

சத்தத்தைக் குறை சொல்லிக் கொண்டே இருந்திருப்பேன். போன மார்கழியில் ஒன்று நடந்தது.

இரண்டாம் மாடியில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். எழுபத்திரண்டு வயது. மகளை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு விடிகாலை நாலு மணிக்குத் திரும்பியவர், வண்டியை நிறுத்திக் கதவைத் திறக்கும்போது நெஞ்சில் யானை ஏறி உட்கார்ந்தது போல வலி. செல்போன் பின் சீட்டுப் பையில். கையில் இருந்தது ரிமோட் மட்டும். அதில் ‘பேனிக்’ என்று ஒரு சிவப்புப் பட்டன். அமுக்கினார். ஆறு ராகமும் கம்பீரமாக ஒலித்தன. அரை நிமிஷத்தில் தானே நின்றது. மறுபடி அமுக்கினார்.

எனக்குக் கேட்டது. விழித்தே இருந்தேன். ‘வழக்கமான கச்சேரி’ என்று தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு திரும்பிப் படுத்தேன். பதினான்கு வீட்டிலும் அதையேதான் செய்திருக்கிறோம். பால் போட வந்த பையன்தான் நாலே முக்காலுக்கு அவரைப் பார்த்துவிட்டுக் கத்தினான். அவன் கத்தியதும் எல்லோரும் எழுந்துவிட்டோம்.

பிழைத்துக்கொண்டார். இரண்டு ஸ்டென்ட். பார்க்கப் போனபோது, “ஏழு தடவை அமுக்கினேன் தம்பி” என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். “நானா இருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். விடு” என்று அவரே சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து, “அலாரத்தை மாத்தணும், கூட வரியா?” என்று கேட்டபோது மறுக்க முடியுமா?

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கார் சாமான் கடைகள் வரிசையாக நிற்கும் இடம். போவதற்கு முன் கொஞ்சம் படித்தேன். படித்ததில் தெரிந்தது, கார் திருட்டைக் குறைத்தது சத்தம் போடாத ஒரு சமாசாரம். இம்மொபிலைசர். சாவிக்குள் ஒரு குட்டி சிப். அது சரியான பதில் சொன்னால்தான் இன்ஜின் கிளம்பும். ஒரு கீச்சுகூடக் கிடையாது. ஐரோப்பாவில் 1998-ல் புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். நெதர்லாந்துக் கணக்கைப் புரட்டிய இரண்டு பொருளாதாரக்காரர்கள், 1995 முதல் 2008 வரை கார் திருட்டு சராசரியாகச் சுமார் 40 சதவீதம் குறைய இதுதான் காரணம் என்று 2016-ல் எழுதினார்கள்.

எதிர்ப்பக்கத்துக் கதை அமெரிக்காவில். 2015-ம் வருஷத்து மாடல்களில் மற்ற கம்பெனிகள் 96 சதவீத வண்டிகளில் இம்மொபிலைசர் வைத்திருந்தன. ஹூண்டாய், கியா வைத்தது 26 சதவீதத்தில். 2021 வாக்கில் மில்வாக்கி நகரத்துப் பையன்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். யு.எஸ்.பி. ஒயரின் முனையால் திருகி வண்டியைக் கிளப்பும் வீடியோ டிக்டாக்கில் பரவி, நாடு முழுக்கத் திருட்டு. 2023 பிப்ரவரியில் கம்பெனிகள் மென்பொருள் மாற்றம் ஒன்றைக் கொடுத்தன. அதில் இரண்டு அம்சம்: அலாரம் 30 விநாடிக்குப் பதில் ஒரு நிமிஷம் அலறும், சாவி போட்டால்தான் வண்டி கிளம்பும். இரண்டாவதுதான் மருந்து. முதலாவது எதற்கு என்று எங்கள் தெருவைக் கேட்டால் சொல்வோம்.

ஹெட்மாஸ்டரின் வண்டி இருபது வருஷம் தாண்டியது. சாவியில் சிப் இல்லை. ஆகவே வெளியே வாங்கித்தான் ஆகவேண்டும். கடைப் பையன் வரிசையாக அடுக்கினான். மொபைலில் திறக்கிற ‘ஸ்மார்ட்’ அலாரத்தை முதலில் நீட்டினான். 2019-ல் பிரிட்டனின் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், வைப்பர், பண்டோரா என்ற இரண்டு பெரிய பெயர்களின் செயலியில் அடுத்தவர் கணக்குக்குள் நுழைந்து, கதவைத் திறந்து காட்டியது. அதில் ஒன்று தன்னை யாராலும் ஊடுருவ முடியாது என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது. ஓட்டையை உடனே அடைத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும், சார் செல்போனையே பின் சீட்டில் போடுகிறவர். வேண்டாம்.

அடுத்து, ‘புஷ் ஸ்டார்ட் கிட்’. இதைப் பற்றி நாலு வரி எழுதியே ஆகவேண்டும். சிப் சாவியுள்ள புது வண்டிக்காரர்கள் ஆசைப்பட்டு இதைப் போடச் சொல்கிறார்கள். பட்டனை அமுக்கினால் கிளம்ப வேண்டும், ஆனால் சிப் குறுக்கே நிற்கிறது. என்ன செய்கிறார்கள் தெரியுமா? உங்களுடைய ஸ்பேர் சாவியை வாங்கி, அதன் சிப்பை டாஷ்போர்டுக்கு உள்ளேயே கட்டி வைத்துவிடுகிறார்கள். வண்டிக்கு இனி எப்போதும் சாவி பக்கத்திலேயே இருப்பதாக நினைப்பு. கம்பெனிக்காரன் கொடுத்த காவல்காரனுக்கு காசு கொடுத்துத் தூக்க மாத்திரை வாங்கித் தருகிற வேலை. ஸ்பேர் சாவி கேட்கிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியில் எடுத்தது சாதாரண ரிமோட் அலாரம். பார்த்தது இரண்டே விஷயம். ரிமோட் ‘ரோலிங் கோட்’ வகையா? அதாவது ஒவ்வொரு அமுக்கலுக்கும் வேறு எண் அனுப்புகிறதா? மாறாத எண் என்றால் பக்கத்தில் நின்று பதிவு செய்து, நீங்கள் போனபின் திருப்பி ஒலிபரப்பலாம். ரோலிங்கும் பரிபூரணம் அல்ல. பிரபலமான கீலாக் முறையையே 2008-க்குள் உடைத்துவிட்டார்கள். இருந்தாலும் தெருத் திருடனுக்குப் போதும். இரண்டாவது, புணேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. சான்று. அது இருந்து, ஆட்டோமொபைல் அசோசியேஷனும் பொருத்தியதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால், 2002-ம் வருஷத்து மோட்டார் டாரிஃப் வழக்கப்படி சொந்தச் சேத பிரீமியத்தில் இரண்டரை சதவீதம் தள்ளுபடி. அதிகபட்சம் 500 ரூபாய். கையெழுத்து வாங்க அலைகிற ஆட்டோ செலவு தனி.

பொருத்துவதில்தான் விஷயமே இருக்கிறது. மெக்கானிக் தம்பி டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு, பல்லால் ஒயரைச் சீவினார். சால்டரிங் இரும்பு எங்கே என்றேன். “டேப்பே போதும் சார்.” போதாது. சென்னை வெயிலில் பசை இளகி டேப் பிரிந்துவிடும். அப்புறம் வண்டி எதற்கு நிற்கிறது என்று ஆறு மாதம் தேடவேண்டும். நான் கொஞ்சம் முறைத்த பின் இரும்பு வந்தது.

அடுத்த கேள்வி, எதை வெட்டுவது? திருடன் வந்தால் பெட்ரோல் பம்ப்பை நிறுத்தலாம், அல்லது ஸ்டார்ட்டரை. தம்பி பம்ப் என்றார். பம்ப் லைனில் வைத்த மலிவு ரிலே ஒருநாள் செத்தால், கத்திப்பாரா மேம்பாலத்தில் பின்னால் லாரி வரும்போது இன்ஜின் அணையும். ஸ்டார்ட்டர் லைனில் செத்தால் வண்டி வீட்டு வாசலில் கிளம்பாது, அவ்வளவுதான். தள்ளி ஸ்டார்ட் செய்து திருட முடியுமே என்பீர்கள். முடியும். நாலு பேர் கூடித் தள்ளிக் கொண்டு போகிற அளவுக்கு அந்த வண்டி மதிப்பில்லை என்று ஹெட்மாஸ்டரே சொல்லிவிட்டார்.

பேட்டரியையும் கணக்குப் பாருங்கள். கதவைப் பூட்டிய பிறகும் அலாரம் விழித்திருக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணி. சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஒரு மாதத்தில் ஏறக்குறைய பதினைந்து காலி. மகள் வீட்டுக்கு இரண்டு மாதம் போகிறவர்கள் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது.

எல்லாம் முடிந்து சைரனை எடுத்தார் தம்பி. ஹெட்மாஸ்டர் வகுப்பில் பென்சிலைப் பிடுங்குகிற மாதிரி அதை வாங்கிக்கொண்டார்.

“இது வேணாம். இந்த ஒயரை ரிலே வெச்சு வண்டியோட ஹார்னுக்குக் குடு. அந்த அதிர்ச்சி சென்சார் ப்ளக்கையும் புடுங்கிடு.”

“ஐயா, அப்ப யாராவது வண்டியத் தொட்டா தெரியாதே?”

“தொட்டா தொட்டுட்டுப் போறான். கதவைத் திறந்தா அடிக்கட்டும். நான் அமுக்கினா அடிக்கட்டும்.”

“பூட்டும்போது கீச்சுன்னு ஒரு சத்தமாவது...”

“அதுவும் வேணாம்.”

தம்பி என்னைப் பார்த்தார். சைரனுக்குக் காசு கழிக்க முடியாது என்றார். சார் சரி என்றார்.

அன்று சாயந்திரம் வீடு வீடாக ஏறி இறங்கினார். மூன்று மாடிக்கும் நடந்தேதான். லிஃப்டில் போங்கள் என்றதற்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். “இனிமே கீழ ராகம் பாடாம, வெறும் ஹார்ன் விட்டு விட்டு அடிச்சா அது நான்” என்று ஒவ்வொரு கதவிலும் சொன்னார். இரவு எட்டரைக்குக் கீழே போய் ஒரு தடவை அமுக்கினார். பழைய வண்டியின் ஜலதோஷ ஹார்ன். நான் ஜன்னலுக்கு ஓடினேன். எதிர் பிளாக்கில் ஆறு தலை, எங்கள் பக்கம் நாலு. வாட்ச்மேன் டார்ச்சுடன் ஓடி வந்துகொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் கீழே நின்று விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார், அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி.

“மூணாவது மாடி எச்.ஐ.ஜி.ல யாரும் எட்டிப் பாக்கல” என்றார் என்னிடம். “ஊர்ல இல்ல சார்” என்றேன்.