நோட்பேடிலிருந்து அச்சகம் வரை: பேண்டாக்

பெரியப்பா தன் தபால்காரர் அனுபவங்களை எழுதி, பல வருடங்களுக்கு முன் ஒரு டிடிபி கடையில் கொடுத்துப் புத்தகமாக்கினார். இருநூறு பிரதிகள். இப்போது இரண்டாம் பதிப்பு வேண்டும் என்றார், பேத்திகள் செல்போனில் படிக்கும்படியும் வேண்டுமாம். கையில் இருந்தது ஒரு சிடி, அதற்குள் ஒரு பேஜ்மேக்கர் கோப்பு. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு வந்தது 2001இல். பழைய கணினி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எழுத்தை மட்டும் உருவித் தந்தார். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு அது. மாற்றியில் போட்டு எடுத்தால் பல இடங்களில் ‘கால்’ எல்லாம் ‘கரல்’ ஆகியிருந்தது. துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்க, தட்டச்சு செய்தவர் கைக்கு வந்ததை அடித்திருக்கிறார். தாளில் ஒளிந்திருந்த பிழை யூனிகோடில் பல்லிளித்தது.

இந்தப் பாடு இன்னொரு தலைமுறைக்கு வேண்டாம் என்றுதான் பேண்டாக்கைக் கையில் எடுத்தேன். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியராக இருக்கும் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. நோட்பேடில் எழுதிய வெறும் எழுத்துக் கோப்பைக் கொடுத்தால் வலைப்பக்கமாகவும் இபப் மின்னூலாகவும் அச்சுக்கான பிடிஎஃபாகவும் மாற்றித் தரும். பொத்தான், மெனு எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டச்சு செய்ய வேண்டும். கையேடு மிக நீளம், எந்த ஐயத்துக்கும் அதில் பதில் உண்டு. எங்கே தொடங்குவது என்ற ஐயத்துக்குத்தான் விடை சட்டென்று கிடைக்காது.

எழுதும் முறைக்கு மார்க்டவுன் என்று பெயர். 2004இல் ஜான் க்ரூபர் உருவாக்கியது. அத்தியாயத் தலைப்புக்கு முன் # போட்டால் போதும், பத்தி பிரிக்க ஒரு வெற்று வரி. பெரியப்பாவுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொண்டோம்.

மின்னூல் ஒரே கட்டளையில் வந்துவிட்டது. இபப் என்பது வலைப்பக்கங்களை ஒரு ஜிப்பில் கட்டி வைத்த பொட்டலம்தான், தமிழ் அதில் தகராறு செய்வதில்லை. 2023இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து பேண்டாக், அத்தியாயத்துக்கு ஒரு பக்கமாகப் பிரித்து, முன் பின் இணைப்புகளோடு வலைத்தளமாகவும் தருகிறது. அடிக்குறிப்புகள் வலையில் இறுதியில் இணைப்போடு நிற்கின்றன, அச்சில் அந்தந்தப் பக்கத்தின் அடியில் உட்காருகின்றன.

சோதனை எல்லாம் தாளில்தான். பிடிஎஃப் செய்ய பேண்டாக் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை நாடுகிறது. தன் நூலின் மெய்ப்பு பார்க்கச் சகிக்காமல் வந்ததால் டொனால்டு நூத் 1977இல் தொடங்கிய வேலை அது. தமிழுக்கு அதன் பழைய வடிவம் ஆகாது. கட்டளை கொடுத்ததும், இந்த எழுத்து எனக்குத் தெரியாது என்று பிழை காட்டி நின்றுவிட்டது. ஜோனதன் கியூ யூனிகோடுக்காக உருவாக்கிய ஸீடெக்கைப் பயன்படுத்தச் சொல்லி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவையும் குறிப்பிட்ட பிறகே பக்கங்கள் வந்தன. டெக்கின் முழுத் தொகுப்பையும் நிறுவினால் பல ஜிபி இடம் பிடிக்கும்.

வந்த பக்கங்களில் வரிகள் ஓரத்தைத் தாண்டி ஓடின. ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரே மூச்சில் எழுதுகிற மொழி நம்முடையது. எங்கே உடைக்கலாம் என்று தெரியாவிட்டால் டெக் என்ன செய்யும்? கோப்பின் முகப்பு விவரத்தில் மொழி தமிழ் என்று ஒரு வரி சேர்த்ததும் பெரும்பாலும் சரியாயிற்று. சந்தோஷ் தோட்டிங்கல் எழுதி வைத்த சொல்பிரிப்பு விதிகள் அப்போது வேலை செய்யத் தொடங்குகின்றன. புள்ளி வைத்த எழுத்தில் எந்த வரியும் தொடங்கவில்லை, கவனித்துப் பார்த்தேன். சொல் உடையும் இடத்தில் சிறு கோடு வருவது பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அதை மறைக்க வழி தேடியதில் அரை நாள் போனது.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. தாளுக்குப் போன பிறகுதான் தெரியும் என்பதால் சொல்லிவிடுகிறேன். கடிதங்களைச் சாய்வெழுத்தில் குறித்திருந்தேன். சாய்வு வடிவம் இல்லாத எழுத்துருவைக்கூட உலாவி தானே சாய்த்துக் காட்டிவிடும். டெக் அப்படிச் செய்யாது, நேரெழுத்தாகவே அச்சடித்து ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதி வைக்கும். கடிதங்களை உள்தள்ளிய பத்திகளாக மாற்றினேன். அடுத்தது, மணியார்டர் என்பதை ஆங்கில எழுத்துச் சுருக்கமாகப் பெரியப்பா எழுதியிருந்த இடங்கள். நான் முதலில் சோதித்த எழுத்துருவில் ஆங்கில எழுத்தே இல்லை. திரையில் இருந்த சுருக்கம் பிடிஎஃபில் காணோம். ஓடி மறையும் எச்சரிக்கை வரிகளைத் தயவுசெய்து படியுங்கள்.

புத்தகம் டெமி அளவு, ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். எழுத்தளவு 10 புள்ளி என்று விட்டிருந்தேன். “இவ்வளவு பொடியா இருந்தா யாருடா படிப்பா?” என்றார் பெரியப்பா. 11 ஆக்கி, வரி இடைவெளியையும் கூட்டினேன். மேலே விசிறியும் கீழே சுழியுமாக வருகிற எழுத்துக்கு ஆங்கில இடைவெளி போதாது.

மொத்தம் 171 பக்கம். பதினாறு பக்க ஃபாரக் கணக்கில் ஐந்து குறைந்தது. காலியாக விடலாம் என்றேன். பெரியப்பா சும்மா இருப்பாரா? இரவோடிரவாக, அந்தமானுக்குப் போய்த் திரும்பி வந்த தந்தி ஒன்றைப் பற்றி எழுதிவிட்டார். கோப்புறையில் போட்டு மூன்று கட்டளை கொடுத்தேன். அச்சு, மின்னூல், வலைப்பக்கம் மூன்றிலும் கதை ஏறி, பொருளடக்கமும் பக்க எண்ணும் தாமே மாறின. கடையில் கொடுத்திருந்தால் இதற்கு இன்னொரு மெய்ப்புச் சுற்று ஆகியிருக்கும், மின்னூலை அங்கே யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். முதலில் போன ஓர் அச்சகத்தில் பிடிஎஃப் போதாது, ‘ஓப்பன் ஃபைல்’ கொடுங்கள் என்றார்கள். நோட்பேடைத் திறந்து காட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த இடத்தில் பிடிஎஃபையே அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

கதை, கட்டுரை, நினைவுக்குறிப்பு, ஆய்வு நூல் என எழுத்தே பிரதானமான எதற்கும் பேண்டாக்கைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். பக்கத்துக்குப் பக்கம் படம் வைக்கும் சமையல் புத்தகத்துக்கும் குழந்தை நூலுக்கும் இது உதவாது, இன்டிசைன் தெரிந்தவரிடம் போங்கள். இறங்குவதாக இருந்தால், முழு நூலையும் தட்டச்சு செய்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஒரே ஓர் அத்தியாயத்தை முதலில் தாளில் அச்சிட்டு, வீட்டில் வயதானவர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.