தறியோடு சேர்ந்து பாடிய ஆறு பாட்டு

மே மாதம், மதுரை, செல்லூர். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மூன்று பக்கமும் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாய்த்துவைத்து, நடுவில் பனியனோடு நின்று பாடினேன். இரண்டு டேக் முடிவதற்குள் ஹெட்போன் காதை விட்டு வழுக்கியது. சொர்க்கத்திலும் இப்படித்தான் வியர்க்கும் போலிருக்கிறது! என் முதல் ஆல்பம், ஆறு பாட்டு, முழுக்க இந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பிறந்தது. வெளியாகி ஒரு வாரமாகிறது, இன்னும் தலைகால் புரியவில்லை. கொஞ்சம் அதிகமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முன்னால் ஒரு ஸ்டூடியோவில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஒரு பாட்டு பதிந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருதி இறங்கும். வீட்டில் கடிகாரம் இல்லை. ஒரு பல்லவியை இருபத்தாறு முறை பாடினேன். பதினாலாவதில் முதல் பாதி, இருபத்திரண்டாவதில் மீதி. இரண்டையும் வெட்டி ஒட்டியபோது தையல் தெரியவில்லை. யாரிடமாவது காட்டிப் பீற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அப்போது மணி இரவு மூன்று. ஆளில்லை.

சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஷூர் எஸ்எம்58 மைக். 1966-ல் வந்த மாடல். கச்சேரி மேடைகளில் நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். இரண்டு மைக் செருகுகிற மாதிரி ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ். பழைய லேப்டாப்பில் ரீப்பர் மென்பொருள்: அறுபது நாள் சும்மா தருகிறார்கள், பிறகு தனி ஆளுக்கு 60 டாலர். இவ்வளவு வேலை பார்க்கிற பொருளுக்கு அந்த விலையா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. பாப் ஃபில்டர்? தங்கச்சியின் எம்ப்ராய்டரி வளையத்தில் நைலான் சாக்ஸை இழுத்து மாட்டினேன். 'ப' வரும் இடத்திலெல்லாம் மைக்கில் விழுந்த குத்து பாதிக்குமேல் அடங்கிவிட்டது.

அந்த மைக்கைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நாலு விரல்கடை தள்ளி நின்று பாடினால் என் குரல் என் குரல்தான். உதடு உரசுகிற அளவுக்கு நெருங்கினால் அடிக்குரல் பொங்கி எழுகிறது. ஒருபக்கம் கேட்கிற மைக்குகளுக்குப் பொதுவாக உள்ள குணம் அது. தாலாட்டுப் பாட்டு ஒன்றை அப்படி ஒட்டி நின்று, கிட்டத்தட்ட முணுமுணுத்துப் பதிந்தேன். முதல்முறை திருப்பிக் கேட்டபோது யாரோ என் தோளில் தாடையை வைத்துப் பாடுகிற மாதிரி இருந்தது. மெய்யாகவே திரும்பிப் பார்த்தேன்.

கஷ்டமும் இருந்தது. மூன்று நாள் எல்லாப் பதிவிலும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். மைக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன், சாமி கும்பிட்டேன். கடைசியில் குற்றவாளி லேப்டாப் சார்ஜர். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் துடிக்கிறது. எர்த் சரியில்லாவிட்டால் அந்தத் துடிப்பு பாட்டுக்குள் ஏறிவிடும். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டியதும் கிணற்றடி அமைதி.

ஆனால் பக்கத்து வீட்டுத் தறியை எப்படிப் பிடுங்குவது? செல்லூர் நெசவாளர் பேட்டை. விசைத்தறி, வேறு பிழைப்பு என்று ஆட்கள் போனபிறகும் எங்கள் சந்தில் ஒரு தாத்தா கைத்தறியை விடவில்லை. காலையில் ஆரம்பித்தால் இருட்டும்வரை டடக்... டடக். மெத்தை, போர்வை, எதற்கும் அது அடங்கவில்லை. ஒரு வாரம் அவரை மனதுக்குள் திட்டினேன். எட்டாவது நாள் மதியம், பாடாமல் சும்மா படுத்திருந்தபோது கால் தானாகத் தாளம் போட்டது. எழுந்து மைக்கைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்!

நூலைச் சுமந்துகொண்டு நாடா இங்கிருந்து அங்கே பாய்கிற வழுக்கல், அதை இறுக்கப் பண்ணை வந்து மோதுகிற கனம், குழிக்குள் மிதியின் முனகல். நாற்பது நிமிடம் பதிந்தேன். எந்த டிரம் மெஷினிலும் இப்படி ஒரு சத்தம் கிடையாது, அடித்துச் சொல்வேன். கணினியில் அளந்தால் வேகம் நிமிடத்துக்கு 68 தட்டுக்கும் 73-க்கும் நடுவே நடைபோடுகிறது; வெயில் ஏற ஏற இறங்குகிறது, டீ குடித்துவிட்டு வந்தால் ஏறுகிறது. வழக்கமாகப் பாட்டைத்தான் மெட்ரோனோமுக்குக் கட்டுவோம். நான் மெட்ரோனோமை அணைத்துவிட்டு என்னைத் தறிக்குக் கட்டிக்கொண்டேன். கிதார் வாசித்த மச்சான், "ஏண்டா, தாளம் பெருமூச்சு விடுது" என்றான். அதேதான்!

இதெல்லாம் எனக்கு முன்னால் நடக்காததல்ல. அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல் நியூஜெர்சியில் தன் வீட்டில், நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் மாதிரிக்காகப் பாடிவைத்தார். பிறகு இசைக்குழுவோடு பதிந்து பார்த்தும் மனம் ஒப்பாமல் அந்தக் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்று வெளியிட்டார். நம் ரகுமான் 'ரோஜா'வுக்கு முன்பே கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஒட்டி ஸ்டூடியோ கட்டிக்கொண்டவர். அவர்களோடு என்னைச் சேர்த்துப் பேசவில்லை. வீடு என்கிற இடத்தைத்தான் பேசுகிறேன்.

மிக்ஸிங் இரண்டு மாதம் தின்றது. ஹெட்போனில் மலைபோல நின்ற பேஸ் கிதார், அம்மாவின் போனில் காணாமல் போனது. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் அடி ஒலியைத் தள்ள முடியாது. அந்த பேஸுக்குத் துளி கரகரப்பு சேர்த்தால் மேல் அதிர்வுகள் முளைக்கும், போனிலும் காது அதைப் பிடித்துக்கொள்ளும். சேர்த்தேன். அம்மா, "இப்பத்தான்டா பாட்டு தரையில நிக்குது" என்றார்.

வெளியான அன்று தாத்தாவிடம்தான் முதலில் போனேன். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடி முழுப் பாட்டும் கேட்டார். கால் மட்டும் மிதியில்லாத இடத்தில் மிதித்துக்கொண்டிருந்தது. நான் பாராட்டுக்குத் தயாராகக் குந்தியிருந்தேன்.

"ரெண்டாவது சரணத்துல நாடா ஒருவாட்டி மாட்டிருச்சு, கேட்டியா தம்பி?"

கேட்கவில்லை. அந்தப் பாட்டை இருநூறு முறையாவது ஓட்டியிருப்பேன். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஆமாம், ஒரு தட்டு இல்லை.

"துணியா இருந்தா மொதலாளி கூலியில பிடிச்சிருப்பாரு" என்று ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தார். "நீ பிடிக்க மாட்டேல்ல?"