கடற்கரையில் வெளியூர் ஆட்டக்காரர்கள்

கோழிக்கோட்டுக்கு நான் போவதெல்லாம் பந்தாட்டம் பார்க்கத்தான். இந்த முறை போனது கேரள இலக்கியத் திருவிழாவுக்கு. 2016இல் டி.சி. கிழக்கேமுறி அறக்கட்டளை தொடங்கிய விழா இது. இயக்குநர் கவிஞர் சச்சிதானந்தன். ஜனவரியில், கடற்கரையில், ஒரே நேரத்தில் பல மேடைகள். பொதுமக்களுக்கு அனுமதி இலவசம்.

ஆட்டத்தின் போக்கையே தீர்மானிப்பது இந்த இலவசம்தான். காசு கொடுத்து வந்தவன் கொட்டாவி விட்டுக்கொண்டாவது கடைசிவரை உட்கார்ந்திருப்பான். இங்கே பேச்சு சவசவத்தால் எழுந்து அடுத்த பந்தலுக்குப் போய்விடுவார்கள். அங்கேயும் சரிப்படாவிட்டால் இருக்கவே இருக்கிறது கடல்.

மலபாரின் செவன்ஸ் கால்பந்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கூட்டம் புதிதல்ல. பக்கத்துக்கு ஏழு பேர், அறுவடை முடிந்த வயல், தற்காலிக கேலரி. நைஜீரியா, கானாவிலிருந்து வெளியூர் ஆட்டக்காரர்கள் வருவார்கள். எந்த நாட்டுக்காரரானாலும் ரசிகர்களுக்கு அவர் 'சுடானி'. 2018இல் அதை வைத்துப் படமே வந்தது. வந்தவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் முதல் பத்து நிமிடத்தில் கேலரி எடை போட்டுவிடும். எழுத்தாளர்களுக்கும் அதே கணக்கு. வாங்கிய விருதெல்லாம் அறிமுக உரை முடியும்வரைதான் கைகொடுக்கும்.

வடக்கிலிருந்து வந்திருந்த ஒரு நாவலாசிரியை தாளைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார். நல்ல உரைநடைதான். ஆனால் தலை நிமிரவில்லை. ஏழாவது நிமிடத்தில் வலப்பக்கக் கடைசி வரிசை காலி. மணலில் செருப்பு உரசும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் பக்கம் புரட்டிய இடைவெளியில் நெறியாளர் மெதுவாகக் கேட்டார்: "இதை எழுதும்போது எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?"

தாள் மடிக்கு இறங்கியது. பாதி நாவலில் நின்றுபோய், இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகாமல் இருந்ததை அவர் சொல்லத் தொடங்கினார். பந்தலுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள்.

தாளை விட்டு வெளியே வந்த இந்தத் துணிச்சலைப் புரிந்துகொள்ள மலையாளத்திலேயே ஒரு கதை இருக்கிறது: என்.எஸ். மாதவனின் 'ஹிகிட்டா'. கோலடியிலேயே நிற்காமல் பந்தோடு வெளியே ஓடிவரும் கொலம்பிய கோல்கீப்பரின் பெயர் அது. 1990 உலகக் கோப்பையில், நேப்பிள்ஸில், கேமரூனின் ரோஜர் மில்லா அவர் காலிலிருந்து பந்தைப் பறித்துக் கோல் போட்டார், கொலம்பியா வெளியேறியது. தாளை மடித்துவிட்டுப் பேசுகிறவருக்கும் அந்த ஆபத்து உண்டு. உளறலாம், சொல்லக் கூடாததைச் சொல்லிவிடலாம். இருந்தாலும் கோட்டைத் தாண்டுகிற கீப்பரைத்தான் நான் பார்க்க விரும்புவேன்.

நாவலாசிரியையைத் தாண்ட வைத்தது நெறியாளர் போட்ட பாஸ். பத்திரிகைப் படத்தில் பாஸ் போட்டவர் முகம் இருக்காது, நடுக்கள ஆட்டக்காரரின் தலைவிதி அது. வேறோர் ஊர் விழாவில் (பெயர் வேண்டாம்) கடிகாரம் வைத்தே பார்த்தேன். நாற்பது நிமிட அமர்வில் பதினேழு நிமிடம் நெறியாளரின் கேள்விகளுக்கே போயிற்று. விருந்தாளி எல்லைக்கோட்டில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பந்தை விடாத ஆளைப் பயிற்சியாளர் உட்கார வைத்துவிடுவார். இலக்கியத்தில் அடுத்த வருடமும் அவரையே கூப்பிடுகிறார்கள்.

கோழிக்கோட்டு நெறியாளருக்கும் ஒரு சறுக்கல். கடைசிக் கேள்வி, முண்டு மடித்துக் கட்டிய ஒரு பெரியவருடையது. மலையாளத்தில் நிதானமாக இரண்டு நிமிடம் கேட்டார். நெறியாளர் அதை ஒரே வரியில் ஆங்கிலமாக்கினார். பெரியவர் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அது மாத்திரமல்ல ஞான் சோதிச்சது." (நான் கேட்டது அது மட்டுமல்ல.)

பந்தலே சிரித்தது. நெறியாளர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, முதலிலிருந்து வரிவரியாக மொழிபெயர்த்தார். நேரம் முடிந்துவிட்டதென்று தொண்டர் ஒருவர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். நாவலாசிரியை அதைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பெரியவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.