சூரனுக்குக் கிடைக்கும் நேரம்

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஆறாம் நாள் முடிவது கந்தசஷ்டி. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் அதே ஆறு நாள், அதே வேல், அதே சூரன். ஆனால் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் பார்த்துப் பழகியவர் யாழ்ப்பாணத்துக் கிராமக் கோயில் ஒன்றில் சூரன் போர் பார்க்க நேர்ந்தால், விழா யாருக்கு என்று சற்றுக் குழம்பித்தான் போவார்.

செந்தூரில் எல்லாக் கண்களும் முருகன் மேல்தான். விரதக்காரர்கள் பலர் ஆறு நாளும் கோயில் வளாகத்திலேயே தங்கிவிடுகிறார்கள். சஷ்டியன்று மாலை முருகன் ஜெயந்திநாதராகக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது லட்சக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள். யானைமுகத் தாரகன், சிங்கமுகன், சூரபத்மன் என்று தலை மாற்றி வரும் எதிரி, கடைசியில் மாமரமாக நிற்கிறான். வேல் பட்டதும் அரோகரா முழக்கம். பின்பு கண்ணாடியில் விழும் சுவாமியின் பிம்பத்துக்குச் சாயாபிஷேகம். பழனியில் போர் கிரிவீதியின் நான்கு திக்கிலும் நடக்கிறது: வடக்கே தாரகன், கிழக்கே பானுகோபன், தெற்கே சிங்கமுகன், மேற்கே சூரபத்மன். திருத்தணியில் போரே கிடையாது. சினம் தணிந்த தலமாயிற்றே.

யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரே தலத்தை நோக்கித் திரள்வதில்லை. அந்தந்த ஊர் முருகன் கோயிலில் அந்தந்த ஊருக்கென்று ஒரு சூரன் இருக்கிறான். இளைஞர்கள் அவன் உருவத்தைத் தோளில் தூக்கி, வீதியில் முன்னும் பின்னும் ஓடி, குலுக்கி, சுழற்றி ஆட்டுகிறார்கள். தோள் மாற்ற அடுத்த அணி தயாராக நிற்கும். முருகன் பொறுமையாகக் காத்திருப்பார். இந்த வருசம் சூரன் நன்றாக ஆடினானா என்பதுதான் மறுநாள் பேச்சு.

அசுரனுக்கு இத்தனை இடம் கொடுப்பது வெறும் கேளிக்கை என்று நான் நினைக்கவில்லை. அதன் பின்னால் புராணபடிப்பு இருக்கிறது. கோயில் மண்டபத்தில் ஒருவர் கந்தபுராண விருத்தத்தை இராகத்தோடு வாசிக்க, இன்னொருவர் பதம் பிரித்துப் பயன் சொல்வார்; ஊர் உட்கார்ந்து கேட்கும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் இப்படி நாள்கணக்கில் நகரும். யாழ்ப்பாணத்தாரின் வாழ்வைக் கந்தபுராணக் கலாசாரம் என்றே பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை எழுதினார். கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சூரன் வெறும் கொடியவன் அல்லன். தவம் செய்து 1008 அண்டங்களை 108 யுகம் ஆள வரம் வாங்கியவன். போர்க்களத்தில் முருகனின் பேருருவைக் கண்டு, ஒரு கணம் தெளிந்து, மீண்டும் மயங்கியவன். இறுதியில் சேவலும் மயிலுமாகி முருகனிடமே சேர்ந்தவன். அப்படிப்பட்டவனைச் சட்டென்று வீழ்த்திவிட யாருக்கு மனம் வரும்?

வேடிக்கை என்னவென்றால், கச்சியப்ப சிவாச்சாரியார் அந்த நூலை அரங்கேற்றியது காஞ்சிபுரம் குமரகோட்டத்தில். இன்று தமிழ்நாட்டில் சஷ்டி என்றால் வீட்டுக்கு வீடு ஒலிப்பது தேவராய சுவாமிகளின் கந்தசஷ்டி கவசம், பெரும்பாலும் சூலமங்கலம் சகோதரிகளின் குரலில். கவசத்தை அடுப்படியில் நின்றபடி தனியாகவும் சொல்லலாம். ஒவ்வோர் உறுப்பையும் காக்கச் சொல்லும் சொந்த வேண்டுதல் அது. புராணத்துக்கோ படிக்க ஒருவர், பயன் சொல்ல ஒருவர், கேட்க ஓர் ஊர் வேண்டும்.

விரதத்திலும் வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் பல வீடுகளில் தீபாவளியன்று கறிக்குழம்பு கொதிக்கும். ஓரிரு நாளில் சஷ்டி விரதம் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் கேதாரகௌரி விரதம் பிடிப்பவர்களுக்குத் தீபாவளி அமாவாசைதான் 21ஆம் நாள். அன்று கௌரிகாப்புக் கட்டிக்கொண்டு, அடுத்த நாளே கந்தசஷ்டிக்குள் போகிறவர்கள் உண்டு. மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், அந்த வீடுகளில் ஒரு மாதமளவுக்குத் தலைகாட்டாது. ஏழாம் நாள் விடியற்காலை விரதம் முடிக்கும் பாறணைச் சோற்றின் ருசியை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது கவசம் அந்தக் கரையிலும் ஒலிபெருக்கியில் கேட்கிறது. பயன் சொல்ல வல்லவர்கள் அங்கே அருகி வருகிறார்கள். உள்நாட்டுப் போரும் இடப்பெயர்வும் புராணம் படித்தவர்களையும் கேட்டவர்களையும் சிதறடித்தன. போனவர்கள் சூரனையும் கூடவே கொண்டுபோனார்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஈழத்தவர் எழுப்பிய கோயில்களில், குளிர்காலச் சட்டைக்கு மேல் சால்வை கட்டிய பிள்ளைகள் அவனைத் தூக்கி ஆட்டுகிறார்கள். அவர்களுக்குப் புராணத்தைப் பயன் சொல்லப்போவது யார், எந்த மொழியில் என்பது இன்னும் முடிவாகவில்லை.