செப்புத்தகட்டுத் தெய்வங்கள்

பிரான்சு நாட்டுப் பெனதிற்றுத் துறவியாகிய மொன்போக்கோன் 1719 இற் பத்துத் தொகுதிகளாகவும் 1724 இல் ஐந்து பிற்சேர்க்கைத் தொகுதிகளாகவும் வெளியிட்ட 'விளக்கப்பெற்ற தொன்மை' என்னும் பெருநூல், கிரேக்க உரோமத் தெய்வங்களைச் செப்புத்தகட்டு ஓவியங்களாற் கற்றோர் கண்முன் நிறுத்திற்று. சிலையிலும் நாணயத்திலும் முத்திரைக் கல்லிலும் சிதறிக்கிடந்த சூபித்தரும் மினேர்வாவும் ஓரிடத்துக் கூடினர்.

ஆயின் அவ்வுருவங்களுட் பல, மூலத்தைக் கண்டு வரைந்தனவல்ல. முந்தையோர் நூற்படங்களைப் பார்த்துப் படியெடுத்தனவே. ஒடிந்த சிலைக்குப் பிற்காலச் சிற்பியொருவன் புதுக்கை பொருத்தி, அதில் ஒரு கருவியையும் கொடுத்திருப்பின், ஒட்டிய வாய் ஓவியத்திற் புலப்படாது. கற்பவன் அக்கருவியைத் தெய்வத்தின் பண்டை அடையாளமெனக் கொள்வான். அதன்மேல் ஒரு புராண விளக்கமும் எழும். பிழை இவ்வாறே அறிவாகிவிடுகிறது.

விங்கல்மன் 1764 இல் வெளியிட்ட கலைவரலாற்றின் முன்னுரையில் மொன்போக்கோனை இதன்பொருட்டுக் கடிந்தார். கடிந்தது முறையே; எனினும் சற்றுக் கடுமை மிகுந்தது. இத்தாலியில் 1698 முதல் 1701 வரை தங்கி ஆராய்ந்த துறவி அவர். (ஏட்டுச்சுவடிகளே அவருக்கு முதற்காதல் என்பதும் உண்மை.) அவர் திரட்டிவைத்திராவிடிற் பின்வந்தோர் எதனைத் திருத்தியிருப்பர்?

அத்திருத்தத்தைச் செயலிற் காட்டியவர் கேலூசுப் பிரபு. 1752 முதல் வெளிவந்த அவருடைய ஏழு தொகுதிகளிற் பெரும்பாலும் தம் கைவசமிருந்த பொருள்களையே அளவு குறித்து வரைவித்தார். அழகிய முழுச்சிலைகளை விடுத்து உடைந்த சிறு வெண்கலத்துண்டையும் அவர் மதித்தார்.