டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச்

நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறைகளில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஃபாக் லேம்ப்புக்கு ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கை தேர்ந்தவர் டேஷ்போர்டைத் தொடும் முன் பேனலைக் கழற்றி, பின்னால் ஏதாவது வயர் ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். சுவிட்சுக்கான துளையை அளவுக்குச் சற்றுக் குறைவாகவே வெட்டி, மீதியை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவுவார். கறுப்புப் பிளாஸ்டிக் தூள் விரல் நுனியில் ஒட்டும். வைத்துப் பார்ப்பார், எடுப்பார், இன்னும் இரண்டு இழுப்பு. பிறகு கட்டைவிரலால் ஓர் அழுத்து. பக்கத்துக் கிளிப்புகள் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். விளிம்பில் நகம் நுழையாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது யார் கண்ணிலும் படாத பின்பக்கம். விளக்கு இழுக்கும் கரண்ட் முழுவதையும் சுவிட்ச் தலையில் கட்டாமல் ரிலே வழியாக விடுவார். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். டெர்மினலை கிரிம்ப் செய்ததும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். வயர்களைச் சேர்த்து டேப் சுற்றும் வேகத்தில் பூக்கட்டும் கைகளின் லாகவம். இரவில் சாலையிலிருந்து கண்ணெடுக்காமலே டிரைவரின் விரலுக்கு அகப்படட்டும் என்று, மற்ற சுவிட்சுகளிலிருந்து இதை ஒரு விரற்கடை தள்ளி வைத்திருப்பார். அப்படி வைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.