மூன்று பொய்யும் ஓர் உண்மையும்

தமிழ்நாட்டில் இன்று மிகவும் கவனமாகப் படிக்கப்படுகிற வசனம் எது என்று யாராவது கேட்டால், நாவல் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. பத்திரிகைத் தொடர்கதையும் அல்ல. பதினாறு வயதிலிருந்து இருபது வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள் பென்சில் முனையால் வரிவரியாகத் தொட்டு, ஒரே பக்கத்தை மூன்று தடவை நான்கு தடவை படிக்கிற வசனம் ஒன்று உண்டு. மேலே ஒரு கேள்வி, கீழே நான்கு விடைகள். வைத்தியக் கல்லூரியில் இடம் பிடிப்பதற்கான நீட் பரீட்சைக்கென்று அச்சாகும் பயிற்சிப் புத்தகங்களைத்தான் சொல்கிறேன்.

இவற்றை யாரும் மதிப்புரைக்கு அனுப்புவதில்லை. அனுப்பினாலும் விமர்சகன் தொடமாட்டான். ஒரு தலைமுறையின் படிக்கும் பழக்கத்தையே உருவாக்குகிற புத்தகங்களை, இலக்கியம் இல்லை என்பதற்காக ஒதுக்கிவிடுவது சரியல்ல என்று எனக்குப் பட்டது. குஜிலியம்பாறையில் எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தியிடம் மூன்று புத்தகங்களைக் கேட்டு வாங்கி, ஒரு வாரம் வைத்துக்கொண்டு, நாவல் படிக்கிற மாதிரியே முதலிலிருந்து படித்தேன்.

குஜிலியம்பாறை திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவில் இருக்கிறது. மழையை நம்பிய பூமி. கடலை, சோளம், ஆடு. கரிக்காலியில் ஒரு சிமெண்டு ஆலை. வேடசந்தூர்ப் பக்கம் போனால் நூற்பு ஆலைகள். இந்தப் பெண் அரசுப் பள்ளியில் தமிழில் படித்துப் பிளஸ் டூ தேறியவள். முதல் தடவை நீட்டில் போதிய மதிப்பெண் வரவில்லை. தகப்பனார் கடலைக்காட்டில் பாதியை ஒத்திக்கு வைத்து, நாமக்கல் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் விடுதியோடு சேர்த்துவிட்டிருக்கிறார். இது அவளுக்கு இரண்டாவது ஆண்டு. ஆகவே அந்தப் புத்தகங்கள் எனக்கு மதிப்புரைக்குரிய சரக்கு என்றாலும், அந்த வீட்டில் அவை ஒரு காட்டின் விலை.

முதலில் அவற்றின் சிறப்பைச் சொல்லிவிடுகிறேன். நல்ல கேள்வி ஒன்றைத் தயாரிப்பது எளிதல்ல. நுரையீரலில் சுத்தமான ரத்தம் எந்தக் குழாயின் வழியாக இதயத்தின் இடது மேலறைக்குத் திரும்புகிறது என்று ஒரு கேள்வி. மகாதமனி, நுரையீரல் தமனி, நுரையீரல் சிரை, மேற்பெருஞ்சிரை என்று நான்கு விடைகள். நுரையீரல் சிரை என்பதே சரி. ஆனால் பக்கத்தில் நுரையீரல் தமனியை வைத்தவன் சாமானியன் அல்ல. சுத்த ரத்தம் தமனியில்தான் ஓடும் என்று பள்ளிக்கூடத்தில் பொதுவாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த விதிக்கு இந்த ஓர் இடத்தில் விலக்கு. படிக்கிறவன் மனம் எங்கே வழுக்கும் என்று தெரிந்து, அந்த இடத்தில் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறான் கேள்வி எழுதியவன். மனிதன் எப்படித் தவறு செய்வான் என்கிற ஞானம் கதாசிரியனுக்கு வேண்டிய ஞானந்தான். மூன்று பொய்களை உண்மை மாதிரியே எழுதத் தெரிந்தவனை என்னால் அலட்சியம் செய்ய முடியாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆயிரம் கேள்விகள் படித்து முடித்தபின், அந்த மூன்று புத்தகங்களிலும் எனக்கு மனிதக் குரலாகக் கேட்டது ஒன்றுதான்: ஓரங்களில் அந்தப் பெண் பென்சிலால் போட்டிருந்த அடிகள். பல கேள்விகளில் சரியான விடைக்கு அடையாளமே இல்லை; தவறான இரண்டு விடைகள் மட்டும் அடிக்கப்பட்டிருந்தன. ஏன் என்று கேட்டேன். "கேள்விய முழுசாப் படிக்கக் கூடாதாம் மாமா. மொதல்ல விடையப் பாத்து ரெண்ட அடிச்சிரணும். மிச்சம் ரெண்டுக்குத்தான் கேள்விக்குத் திரும்பிப் போவணும்னு சார் சொல்லுவாரு" என்றாள்.

சார் சொல்வது கணக்குப்படி சரிதான். 2025 பரீட்சையில் 180 கேள்விகள், 180 நிமிஷம். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறுக்கு 1 கழியும். ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நான்கு கேள்விக்கு ஒன்று சரியாகும். நான்கு வந்து மூன்று போய், மிச்சம் ஒன்று. இரண்டு விடைகளைக் கழித்துவிட்டுக் குறித்தால், இரண்டு கேள்விக்கு ஒன்று சரி. நான்கு வந்து ஒன்று போய், மிச்சம் மூன்று. அதாவது உண்மையைத் தேடுவதைவிடப் பொய்யைக் கழிப்பது சீக்கிரம் பலன் தரும். நிமிஷத்துக்கு ஒரு கேள்வி என்கிறபோது வேறு வழியும் இல்லை.

ஆனால் வாசகன் என்ற முறையில் இது என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு வாக்கியத்தை அதன் முடிவிலிருந்து படிப்பது, அதில் எங்கே ஏமாற்று இருக்கிறது என்று சந்தேகத்தோடே தொடங்குவது, சந்தேகம் தீர்ந்ததும் விட்டு ஓடுவது - இந்தப் பழக்கம் இரண்டு மூன்று வருஷம், நாளைக்குப் பத்து மணி நேரம், அதுவும் மனம் இளகியிருக்கிற வயதில் ஊறினால், பிறகு அவர்கள் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் அதையும் அப்படித்தானே படிப்பார்கள்?

உண்மை ஒன்றுதான் என்ற அந்தப் புத்தகங்களின் நம்பிக்கையும் அவ்வளவு கெட்டியானதல்ல. 2024 பரீட்சையில் அணுவைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. எல்லாத் தனிமங்களின் அணுக்களும் நிலையானவை என்று மத்திய அரசுப் பாடநூலின் பழைய பதிப்பு சொல்லியிருந்தது. பெரும்பாலான தனிமங்களின் அணுக்கள் என்று புதிய பதிப்பு திருத்தியிருந்தது. பழைய புத்தகம் படித்தவர்களுக்கு ஒரு விடை, புதிய புத்தகம் படித்தவர்களுக்கு ஒரு விடை. நடத்தியவர்கள் இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், டில்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் மூவர் ஒரு விடைதான் சரி என்றார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண் குறைந்தது. 720க்கு 720 வாங்கியவர்கள் முதலில் 67 பேர். கடைசியில் 17 பேர். 'எல்லா' என்பதற்கும் 'பெரும்பாலான' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் விசாரிக்கிறது என்றால் பாஷையின் மதிப்புக்கு அதைவிட என்ன சான்று வேண்டும்! அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷத்தில் யாரும் கற்றுக்கொடுக்காதது அந்த வித்தியாசத்தைத்தான்.

இனித் தமிழுக்கு வருகிறேன். 2017 முதல் இந்தப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். தமிழைத் தேர்ந்தால் கிடைக்கிற வினாத்தாளில் ஆங்கிலமும் தமிழும் இரண்டும் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் ஏற்பட்டால் ஆங்கிலமே முடிவானது என்று ஒரு குறிப்பும் இருக்கும். 2018இல் அந்தக் குறிப்பின் பலன் தெரிந்தது. தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார் டி. கே. ரங்கராஜன் எம்.பி. சிறுத்தை என்று வரவேண்டிய இடத்தில் ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுத்துக்கூட்டிச் 'சீத்தா' என்று போட்டிருந்தார்கள். காட்டில் ஓடவேண்டிய மிருகம் மரத்தில் பழுத்துத் தொங்குகிறது. கேள்விக்கு நாலு வீதம் 49 கேள்விக்கும் 196 மதிப்பெண் கொடுக்கும்படி அந்த ஆண்டு ஜூலையில் ஹைகோர்ட் உத்தரவிட்டது. நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது.

சட்டம் எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. மோசமான மொழிபெயர்ப்பை நாவலில் நான் மன்னித்துவிடுவேன். வாசகன் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். இங்கே தாண்டினால் நாலு மதிப்பெண். குஜிலியம்பாறைப் பெண் செல்லை உயிரணு என்று தாய்மொழியில் புரிந்துகொண்டு படித்தவள். அவள் பாஷையில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, இதை முழுக்க நம்பாதே, நிஜம் பக்கத்தில் இருக்கிறது என்று அடிக்குறிப்புப் போடுகிறார்கள். நான்கு விடைகளில் பொய்யைத் தேடுவது போதாதென்று, கேள்வியிலேயே பொய்யைத் தேடவேண்டிய நிலைமை தமிழில் எழுதுகிறவனுக்கு மட்டும் வந்து சேர்கிறது. பயிற்சி நிலையத்தில் அவளை ஆங்கிலத்துக்கு மாறச் சொல்லிவிட்டார்கள். மாறிவிட்டாள். அவளைக் குறை சொல்ல நான் யார்?

நீட்டுக்கு முன்னால் எல்லாம் பொன்னாக இருந்தது என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. 2007இல் சட்டப்படி ஒழிந்தது. அதன்பின் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். அந்தக் காலத்தில் நாமக்கல் வட்டாரத்துப் பள்ளிகளில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை முற்றுப்புள்ளி உட்பட நெட்டுருப் போடவைத்தார்கள். கோழிப்பண்ணை ஊர் என்பதால் பிராய்லர் பள்ளி என்று ஜனங்களே பெயர் வைத்தார்கள். அதைத் தடுக்க 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025-26 முதல் அதுவும் போயிற்று. அப்போது புத்தகத்து வாக்கியத்தை ஒப்பித்தால் டாக்டர். இப்போது கேள்விக்காரன் வாக்கியத்தைக் கழித்தால் டாக்டர். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுது என்று இரண்டு ஆட்சியிலும் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. பழைய முறையில் ஓர் ஏழைப் பெண் வீட்டிலிருந்தே நெட்டுருப் போட்டுவிடலாம். கழிக்கும் வித்தைக்குக் காசு வேண்டும், வருஷமும் வேண்டும். இடம் பெற்றவர்களில் திரும்ப எழுதியவர்கள் 2016-17இல் நூற்றுக்குச் சுமார் 12 பேர். 2020-21இல் சுமார் 71 பேர் என்று 2021இல் நீதிபதி ஏ. கே. ராஜன் குழு சொன்னது. அரசுப் பள்ளியிலிருந்து போனவர்கள் விரல் விட்டு எண்ணும்படி ஆனபிறகு, 2020இல் அவர்களுக்கு 7.5 சதவிகிதம் ஒதுக்கினார்கள். திண்டுக்கல்லிலேயே 150 இடங்களோடு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தாயிற்று. இந்தப் பெண்ணின் நம்பிக்கை முழுக்க அந்த ஒதுக்கீட்டில்தான் தொங்குகிறது. நல்ல ஏற்பாடு. வாசல் அகலமாயிற்று, வாசலில் கேட்கிற கேள்வி மாறவில்லை.

இந்த இடத்தில் சிலர் ராமானுஜனை இழுத்து வருவார்கள். பரீட்சையில் தோற்ற மேதைகளின் பட்டியல் தோற்ற பிள்ளைகளுக்கு எந்த ஆறுதலும் தருவதில்லை என்பதால் நான் இழுக்கப்போவதில்லை. எனக்கு ஞாபகம் வருவது ஒரு சீன நாவல். உத்தியோகத்துக்குப் பரீட்சை வைத்து ஆள் எடுப்பதை நூற்றாண்டுக் கணக்கில் நடத்திய தேசம் அது. கடைசி ஐந்நூறு ஆண்டுகளில் எட்டு அங்கங்கள் கொண்ட ஒருவகைக் கட்டுரைதான் அந்தப் பரீட்சையின் உயிர். இத்தனை பகுதி, இப்படி இணைவாக்கியம் என்று அச்சு மாதிரி விதி. 1905இல் அந்தப் பரீட்சையையே நிறுத்திவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஊ ஜிங்ஸி என்பவர் அந்த உலகத்தை வைத்துப் பண்டிதர்களைப் பற்றி ஒரு பெரிய நாவல் எழுதினார். அதில் ஃபான் ஜின் என்று ஒருவன். வாழ்நாளெல்லாம் தோற்று, ஐம்பது வயது தாண்டியபிறகு தேறுகிறான். செய்தி வந்ததும் சந்தோஷத்தில் சித்தம் கலங்கி ஓடுகிறான். கசாப்புக்காரரான மாமனார் வந்து கன்னத்தில் ஓங்கி அறைந்தபிறகுதான் தெளிகிறது. சிரிப்பு வருகிறது, உடனே தொண்டை அடைக்கிறது. பரீட்சை ஒரு மனிதனை என்ன செய்கிறது என்பதை ஒரு குழுவின் அறிக்கை இப்படிச் சொல்ல முடியாது.

நம் பக்கம் அப்படி என்ன இருக்கிறது? இந்தியில் கோட்டா நகரத்துப் பயிற்சி நிலையங்களை வைத்து 2019இல் கறுப்பு வெள்ளையில் ஒரு தொடர் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் சேதன் பகத் 2011இல் எழுதிய நாவலில் காசிப் பையன் ஒருவன் கோட்டாவுக்குப் போய்வருகிறான். தமிழில் மேடைப் பேச்சும் துக்கக் கவிதையும் நிறைய வந்தன. 2017இல் அரியலூர் அனிதாவின் சாவுக்குப்பின் வராமல் இருக்குமா? ஆனால் என் திருப்திக்கு ஒரு நாவல் வரவில்லை. காலை நாலரை மணிக்கு விடுதியில் அடிக்கிற மணி, ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு, முடிவைப் பலகையில் ஒட்டும்போது கூட்டத்தின் பின்னால் நிற்கிற பெண், ஒத்தி வைத்த காட்டில் வேறொருவன் கடலை பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற தகப்பன் - இத்தனையும் எழுதுகிறவனுக்குக் காத்துக்கொண்டிருக்கின்றன. எழுதவேண்டியவர்கள் அந்த விடுதிகளில் இருந்தவர்கள்தாம். அவர்களுக்கோ சொந்த வாக்கியம் எழுதும் பழக்கம் விட்டுப்போயிற்று.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது, இருபது லட்சம் பேர் எழுதும் பரீட்சையில் கட்டுரை எழுதச் சொன்னால் யாரய்யா படிப்பது, இயந்திரந்தான் திருத்தமுடியும் என்றார். நியாயமான கேள்வி. ஆனால் தமிழ்நாட்டில் வருஷந்தோறும் ஏறத்தாழ 8 லட்சம் பேர் பிளஸ் டூ எழுதுகிறார்கள். ஆளுக்கு ஆறு விடைத்தாள். அந்த 48 லட்சம் தாள்களையும் பள்ளி ஆசிரியர்கள் வெயில் காலத்தில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து சில வாரங்களில் திருத்திவிடுகிறார்கள். வைத்தியக் கல்லூரிக்கு அத்தனை ஆள்கூட வேண்டாம். 180 கேள்விகளில் தேறி மேலே வந்தவர்களை மட்டும் உட்காரவைத்து, அவர்களுக்கு இஷ்டமான பாஷையில் ஒரே ஒரு பக்கம் எழுதச் சொல்லி, அதைப் படிக்க மனிதர்களை வைத்தால் போதும்.